கரண்ட் போனாலும் இணையம் போனாலும் ஓடும் ஸ்மார்ட் வீடு: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

ஸ்மார்ட் வீடு என்றதும் பெரும்பாலானோர் முதலில் வாங்குவது ஒரு வண்ண பல்பும் பேசினால் பதில் சொல்லும் ஒரு ஸ்பீக்கரும்தான். பல்பை மாட்டி, ஆப்பில் சேர்த்து, நிறம் மாற்றிப் பார்ப்பார்கள். மறுநாள் வீட்டில் யாராவது வழக்கம்போல் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார்கள். அதன்பின் ஆப்பில் எத்தனை முறை தட்டினாலும் பல்பு எரியாது. பல்பில் எந்தக் கோளாறும் இல்லை, அதற்குக் கரண்ட் வரவில்லை, அவ்வளவுதான். தானியங்கி வீடு பற்றிய முதல் பாடம் இங்கேதான் இருக்கிறது: சுவர் சுவிட்ச் எப்போதும் வேலை செய்ய வேண்டும். இணையம் இல்லாதபோதும், கருவிகளை இயக்கும் கணினியான சர்வர் நின்றுபோனபோதும், மொபைல் வேறு அறையில் இருக்கும்போதும் வீட்டில் உள்ள பெரியவர்களும் குழந்தைகளும் விளக்கைப் போட முடிய வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு தேர்வும் இந்த ஒரு விதியிலிருந்து வருவதுதான்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதியது: 230 வோல்ட், கான்கிரீட் தளம், செங்கல் சுவர், இன்வெர்ட்டர், மாடியில் தண்ணீர்த் தொட்டி.

முதலில் ஒரே ஒரு தேவை

கடைக்குப் போகும் முன் வீட்டில் தினமும் எரிச்சல் தரும் ஒரு விஷயத்தைக் காகிதத்தில் எழுதுங்கள். தொட்டி நிரம்பி வழிவது, குளியலறை விளக்கு இரவெல்லாம் எரிவது, வாசல் விளக்கைப் போட மறப்பது, இப்படி ஏதாவது ஒன்று. அந்த ஒன்றுக்கு மட்டும் கருவி வாங்கி, இரண்டு வாரம் ஓடவிட்டுப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள். பத்து கருவிகளை ஒரே நாளில் வாங்கினால் பத்தும் பத்து ஆப்பில் கிடக்கும். எதில் பிழை என்று தேடுவதே வேலையாகிவிடும். முதல் வேலையாக மோட்டாரைத் தொட வேண்டாம். விளக்கில் கை பழகட்டும்.

வீட்டு வைஃபையைச் சரிசெய்தல்

மலிவான ஸ்மார்ட் கருவிகள் அனேகமாக எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் பேசும். இணைய நிறுவனம் தந்த ரவுட்டரில் 2.4-ம் 5-ம் ஒரே பெயரில் இருக்கும். மொபைல் 5-இல் நிற்கும், கருவி 2.4-இல் தேடும், இணைப்பு பாதியில் அறுந்துபோகும். புதியவர்கள் சந்திக்கும் முதல் தடங்கல் பெரும்பாலும் இதுதான். ரவுட்டர் அமைப்புக்குள் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். முடியாவிட்டால், கருவியைச் சேர்க்கும் பத்து நிமிடத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்து வையுங்கள்.

பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 என்றோ, 2-ம் 3-ம் கலந்த முறையிலோ வையுங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் ஈஎஸ்பி8266 சிப் உள்ள பழைய கருவிகள் உள்ளே வராது. விருந்தினருக்கென்று ரவுட்டர் தரும் கெஸ்ட் நெட்வொர்க்கில் கருவிகளைச் சேர்ப்பதும் பல ரவுட்டர்களில் சிக்கல்தான். அங்கே ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கும்.

இன்னொன்று: சர்வருக்கும் ஒவ்வொரு வைஃபை ரிலேவுக்கும் (கட்டளை வந்ததும் மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சிறு கருவி) ரவுட்டரில் ஐபி முகவரியை நிலையாக ஒதுக்கிவிடுங்கள். கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறி, கருவி காணாமல் போகும் தொல்லை இதோடு தீரும்.

எந்தத் தளம்

அலெக்சா, கூகுள் ஹோம், ஆப்பிள் ஹோம் மூன்றும் தொடங்க எளிது. ஸ்மார்ட் லைஃப் ஆப்பில் சேரும் துயா வகைக் கருவிகளே கடைகளில் அதிகம் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் இவற்றில் பலவற்றுக்கும் கட்டளை இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஃபைபர் அறுந்தால் அந்த வழி அடைபடும். அந்த நிறுவனம் சேவையை நிறுத்தினாலும் அப்படியே.

அதனால் நாம் பரிந்துரைப்பது ஹோம் அசிஸ்டென்ட். 2013-இல் பவுலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய திறமூல மென்பொருள். 2024 முதல் ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற லாபநோக்கற்ற அமைப்பின் கீழ் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு கணினியில் ஓடும், பல நிறுவனக் கருவிகளையும் ஒரே இடத்தில் சேர்க்கும். பேசும் ஸ்பீக்கர் வேண்டுமென்றால் பிறகு அதன்மேல் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்பீக்கரை அடித்தளமாக வைப்பதுதான் தவறு.

மேட்டர் என்ற பெயர் பெட்டிகளில் கண்ணில் படும். 2022 அக்டோபரில் வந்த பொதுத் தரம் அது. மேட்டர் முத்திரை உள்ள கருவியை வீட்டுக்குள்ளேயே, மேட்டரை ஏற்கும் எந்தத் தளத்தோடும் இணைக்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அது வைஃபையில் ஓடுகிறதா, த்ரெட் என்ற குறைந்த மின்சார வயர்லெஸ் முறையில் ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். த்ரெட் என்றால் அதை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் ஒரு பார்டர் ரவுட்டர் இருந்தாக வேண்டும். இசட்-வேவ் என்ற இன்னொரு வயர்லெஸ் முறையில் பேசும் கருவிகளை வெளிநாட்டிலிருந்து வாங்கி வரச் சொல்லாதீர்கள். அதன் அலைவரிசை நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அமெரிக்காவில் 908. அங்கே வாங்கிய கருவி இங்கே வாங்கிய கன்ட்ரோலரோடு பேசாது.

சர்வரை நிறுவுதல்

சர்வராக ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஏற்றது. அதில் 4 அல்லது 5, 2 ஜிபி ராம் இருந்தாலே போதும், 4 ஜிபி இருந்தால் வசதி. பழைய மினி பிசியோ மூலையில் கிடக்கும் லேப்டாப்போ இருந்தால் அது இன்னும் நல்லது. லேப்டாப் பேட்டரியே ஒரு சிறு யூபிஎஸ் போல உதவும்.

பையில் நிறுவ: கணினியில் ராஸ்பெரி பை இமேஜரைத் திறந்து, இயங்குதளப் பட்டியலில் ஹோம் அசிஸ்டென்டைத் தேர்ந்து, 32 ஜிபி கார்டிலோ எஸ்எஸ்டியிலோ எழுதுங்கள். கார்டைப் பையில் செருகி, ரவுட்டரிலிருந்து லேன் கேபிளைக் கொடுத்து, பிறகு கரண்டைக் கொடுங்கள். முதல் தடவை தயாராக இருபது நிமிடம் வரை ஆகும். நடுவில் பிடுங்கக் கூடாது. பிறகு பிரவுசரில் அந்தக் கருவியின் ஐபி முகவரி, அடுத்து ஒரு முக்காற்புள்ளி, அடுத்து 8123 என்று அடித்தால் வரவேற்புப் பக்கம் வரும்.

மினி பிசி என்றால் பயாஸில் யூஈஎஃப்ஐ-ஐ இயக்கி, செக்யூர் பூட்டை அணைத்து, 64 பிட் பொது இமேஜை உள் டிஸ்க்கில் எழுத வேண்டும். டிஸ்க்கில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஒரு கோப்பும் மிஞ்சாது.

இந்த இடத்தில் கெட்டுப்போகும் விஷயங்கள் இரண்டு. ஒன்று, மின்சாரம் தரும் அடாப்டர். பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் வேண்டும், பை 5-க்கு அதற்கென்றே வரும் 27 வாட் அடாப்டர். மொபைல் சார்ஜரில் ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி, காரணமே தெரியாமல் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும். இரண்டு, மெமரி கார்டு. ஹோம் அசிஸ்டென்ட் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும் மென்பொருள். எழுதும் நொடியில் கரண்ட் போனால் கார்டு கெடும். எஸ்எஸ்டிக்கு மாறுங்கள், சர்வரையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் வையுங்கள். இன்வெர்ட்டரில் யூபிஎஸ் முறை என்ற சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். சாதாரண முறையில் மாறும் நேரம் அதிகம், அதற்குள் பை ஒருமுறை அணைந்து எழும்.

மின்கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். 5 வாட் எடுக்கும் பை ஆண்டு முழுக்க ஓடினால் சுமார் 44 யூனிட்.

ஜிக்பீ: சென்சார்களுக்கான வலை

கதவு சென்சார், நடமாட்ட சென்சார், வெப்பமானி போன்ற பேட்டரிக் கருவிகளுக்கு வைஃபை ஏற்றதல்ல, பேட்டரி சீக்கிரம் தீரும். ஜிக்பீ என்ற குறைந்த மின்சார வயர்லெஸ் முறையில் ஒரு பட்டன் செல் ஓராண்டோ அதற்கு மேலோ தாங்கும். இதற்கு சர்வரில் செருகும் ஒரு யூஎஸ்பி டாங்கிள் வேண்டும். சோனாஃப் டாங்கிள் பிளஸ், ஹோம் அசிஸ்டென்ட் குழுவே விற்கும் டாங்கிள், இரண்டில் எதுவானாலும் சரி.

டாங்கிளை நேராக சர்வரின் பின்னால் செருக வேண்டாம். யூஎஸ்பி 3 துளைகளும் எஸ்எஸ்டி கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் உண்டாக்கும். டாங்கிள் அந்த இரைச்சலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தால் அடுத்த அறை சென்சார்கூடக் கேட்காது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு, யூஎஸ்பி 2 துளையில் செருகி, டாங்கிளைத் தள்ளி வையுங்கள். ஜிக்பீ சரியாக வேலை செய்யவில்லை என்ற புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரு கேபிளில் தீரும்.

அடுத்தது சேனல். வைஃபை சேனல் 1, 6, 11 மூன்றும் ஜிக்பீயின் பெரும்பாலான சேனல்களை மூடிவிடும். இடைவெளியில் மிஞ்சுவது 15, 20, 25. வீட்டு வைஃபை 1-இல் இருந்தால் ஜிக்பீயை 20-இலோ 25-இலோ வையுங்கள். இதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். நாற்பது கருவி சேர்ந்தபின் சேனலை மாற்றினால் சிலவற்றை மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டி வரும்.

மென்பொருளில் இரண்டு வழி: உள்ளேயே இருக்கும் இசட்எச்ஏ, தனியாக நிறுவும் ஜிக்பீ2எம்க்யூடிடி. இரண்டாவது அதிகக் கருவிகளை ஆழமாகப் புரிந்துகொள்ளும், ஆனால் செய்திகளைக் கைமாற்றும் எம்க்யூடிடி புரோக்கர் மென்பொருள் ஒன்றையும் பராமரிக்க வேண்டும். புதியவர்கள் இசட்எச்ஏவில் தொடங்குவதே நல்லது.

ஜிக்பீயில் நேரடி மின்சாரத்தில் ஓடும் கருவிகள் பெரும்பாலும் தாமே ரவுட்டராகவும் வேலை செய்து, செய்தியைக் கைமாற்றி அனுப்பும். பேட்டரிக் கருவிகள் அப்படிச் செய்யாது. ஒன்பது அங்குலச் சுவரும் கான்கிரீட் தளமும் அலையை நன்றாகவே தடுக்கும். அதனால் இரண்டு அறைக்கு ஒரு ஸ்மார்ட் பிளக்காவது இருக்கட்டும், மாடிப்படி முனையில் ஒன்று கட்டாயம். முதலில் பிளக்குகளைச் சேர்த்து, பிறகு சென்சார்களை அவை இருக்கப்போகும் இடத்திலேயே வைத்துச் சேருங்கள். சேர்க்கும் முறை எளிது: திரையில் கருவி சேர் என்பதைத் தட்டி, சென்சாரின் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் விளக்கு மின்னும், அரை நிமிடத்தில் பெயர் வந்துவிடும். சென்சார் தூங்கிப்போனால் பட்டனைத் தொட்டுத் தொட்டு எழுப்பிக்கொண்டே இருங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு கோளாறு உண்டு. கரண்ட் போனதும் சென்சார்கள் பாதி செத்துவிடும், சர்வர் மட்டும் உயிரோடு இருக்கும். நடுவில் கைமாற்றிக்கொண்டிருந்த பிளக்குகள் இன்வெர்ட்டர் லைனில் இல்லாததுதான் காரணம். சில சென்சார்கள் பழைய பிளக்கையே பிடித்துக்கொண்டு வேறு வழி தேடாமல் நிற்கும். ரவுட்டராக நம்பியிருக்கும் பிளக்குகளையும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள்.

சுவிட்ச் போர்டுக்குள் ரிலே

ஸ்மார்ட் பல்பைவிட, பழைய சுவிட்சுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ரிலேதான் வீட்டுக்குப் பொருத்தம். சுவிட்ச் அப்படியே இருக்கும், கையால் போட்டாலும் எரியும், மொபைலில் போட்டாலும் எரியும்.

பலர் தயங்குவது நியூட்ரல் பற்றி. சுவிட்சுக்கு நியூட்ரல் வராது என்று படித்திருப்பார்கள். நம் வீடுகளில் ஒரே போர்டில் நாலு சுவிட்சோடு ஒரு பிளக் பாயின்டும் இருப்பதுதான் வழக்கம். பிளக் பாயின்ட் இருந்தால் அந்தப் பெட்டிக்குள் நியூட்ரல் இருக்கிறது. தனியாக ஒற்றைச் சுவிட்ச் உள்ள மாடிப்படி, பால்கனி போன்ற இடங்களில்தான் இல்லாமல் போகும். அங்கே நியூட்ரல் வேண்டாத ஜிக்பீ வகை உண்டு. ஆனால் அது குறைந்த கரண்டைத்தான் தாங்கும், ரவுட்டராக வேலை செய்யாது, சிறிய எல்இடி விளக்கில் அணைத்த பிறகும் மங்கலாக மின்னலாம். விளக்குக்கு இணையாக ஒரு பைபாஸ் கெப்பாசிட்டர் போட்டால் மின்னுவது நிற்கும்.

வேலையைத் தொடங்கும் முன் மெயின் போர்டில் அந்த லைனின் எம்சிபி சுவிட்சை (லோடு அதிகமானால் தானே இறங்கும் பாதுகாப்பு சுவிட்ச்) இறக்குங்கள். டெஸ்டரை நம்பி நிற்காமல் மல்டிமீட்டரால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அளந்து பாருங்கள். இன்வெர்ட்டர் வீடுகளில் இதை இரண்டு முறை செய்ய வேண்டும். மெயினை அணைத்தால் இன்வெர்ட்டர் லைன் உயிரோடு இருக்கும், அதே பெட்டியில் இரண்டு லைனும் வந்திருக்கும். இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டே கை வையுங்கள். வயர் நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது முறை. மீந்த வயரை எங்கே வேண்டுமானாலும் இழுத்துவிட்ட வீடுகள் நிறைய. மின்வேலை தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனை அழைத்து, கீழ்க்கண்ட இணைப்பைக் காட்டுங்கள்.

ஷெல்லி நிறுவனத்தின் ஷெல்லி 1 வகை ரிலேவில் ஐந்து முனை. எல் முனைக்கு ஃபேஸ், என் முனைக்கு நியூட்ரல். எல்-லிலிருந்து ஐ முனைக்கு ஒரு சிறு வயர். ஓ முனையிலிருந்து விளக்குக்குப் போகும் வயர். சுவர் சுவிட்சின் ஒரு பக்கம் ஃபேஸ், மறுபக்கம் எஸ்டபிள்யூ முனைக்கு. இப்போது சுவிட்ச் விளக்கை நேரடியாகத் தொடாது, ரிலேவுக்குச் சொல்லும். ஆப்பில் சுவிட்ச் வகையை எட்ஜ் என்று வையுங்கள். அப்போது சுவிட்ச் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒரு தட்டு தட்டினால் விளக்கின் நிலை மாறும். வைஃபை இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும், அதுதான் நமக்கு வேண்டியது.

பழைய மரப்பெட்டி போர்டில் இடம் தாராளம். மாடுலர் போர்டின் இரும்புப் பெட்டிக்குள் இடமும் குறைவு, சிக்னலும் குறையும். ரிலேவைப் பெட்டியின் அடியில் திணிக்காமல் முன்பக்கம், பிளாஸ்டிக் தகட்டுக்கு அருகில் வையுங்கள்.

கரண்ட் வந்ததும் என்ன நிலையில் இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு கருவியிலும் அமைத்துவிடுங்கள். விளக்குக்கு முந்தைய நிலை, மோட்டாருக்கும் கீசருக்கும் எப்போதும் அணைந்த நிலை. ஸ்மார்ட் பல்புகளில் இதை மாற்றாவிட்டால், நள்ளிரவு 2 மணிக்குக் கரண்ட் திரும்பும்போது படுக்கையறை விளக்குகள் எல்லாம் பளிச்சென எரியும்.

ஃபேனுக்கு லைட் டிம்மர் போடக் கூடாது, மோட்டார் முனகும், சூடேறும். பிஎல்டிசி ஃபேனுக்கு ரெகுலேட்டரே கூடாது. அதை ரிமோட் வழியாக, ரிமோட்டின் சிக்னலைத் தானே அனுப்பும் ஐஆர் பிளாஸ்டர் மூலம் இயக்குங்கள். ஏசிக்கும் அதே வழி. கீசர் 2 கிலோவாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர், 3 கிலோவாட் என்றால் 13. அதற்கு 10 ஆம்பியர் பிளக் வேண்டாம், 16 ஆம்பியர் வகையே வேண்டும். சாக்கெட் தளர்வாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பிளக் உருகுவது பெரும்பாலும் தளர்ந்த சாக்கெட்டின் சூட்டில்தான்.

சென்சாரை எங்கே வைப்பது

நடமாட்ட சென்சார் உடல் வெப்பத்தைப் பார்த்து வேலை செய்கிறது. சுவருக்கும் மனித உடம்புக்கும் வெப்ப வித்தியாசம் இருந்தால்தான் அதற்குத் தெரியும். வேலூரிலும் திருச்சியிலும் மே மாதத்தில் அறைச் சுவரே 36 பாகையைத் தொடும்போது அதன் பார்வை மந்தமாகும். கோடையில் சென்சார் சரியில்லை என்று மாற்ற வேண்டாம், அதன் உணர்திறனை ஏற்றுங்கள். மேற்கு வெயில் விழும் ஜன்னலைப் பார்த்தபடி வைக்காதீர்கள். டியூப் லைட்டுக்குப் பக்கத்திலும் வேண்டாம். பூச்சிக்கு வரும் பல்லி லென்ஸின் மேல் ஊர்ந்தாலே ஆள் நடமாட்டம் என்று எழுதிக்கொள்ளும்.

அசையாமல் உட்கார்ந்திருப்பவரையும் அறிய எம்எம்வேவ் ரேடார் சென்சார் உண்டு. படிப்பறைக்கும் ஹாலுக்கும் அது நல்லது. ஆனால் சுழலும் ஃபேனும் அதில் ஆடும் திரையும் அதற்கு ஆள்தான். தூர எல்லையைக் குறைத்து, ஃபேன் பக்கம் திரும்பாமல் வையுங்கள்.

முதல் தானியங்கி விதி

ஒவ்வொரு விதிக்கும் மூன்று பகுதி: எது நடந்தால், எந்த நிபந்தனையில், என்ன செய்ய வேண்டும். வாசல் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் மறைந்து பத்து நிமிடத்தில் போடு, இரவு 11-க்கு அணை. சென்னையில் சூரியன் மறையும் நேரம் நவம்பர் கடைசியில் மாலை 5.40 பக்கம், ஜூலையில் 6.40 பக்கம். கடிகார நேரம் வைத்தால் ஆண்டில் பாதி நாள் தப்பும், அதனால் சூரியனையே கணக்காக வையுங்கள்.

குளியலறைக்கு: நடமாட்டம் தெரிந்தால் விளக்கைப் போடு, நடமாட்டம் நிற்கும்வரை காத்திரு, மேலும் மூன்று நிமிடம் கழித்து அணை. விதியின் முறையை ரீஸ்டார்ட் என்று வைக்க வேண்டும். சிங்கிள் என்று விட்டால் காத்திருக்கும் மூன்று நிமிடத்துக்குள் மறுபடி ஆள் அசைந்தது கணக்கில் வராது, உள்ளே இருக்கும்போதே விளக்கு அணையும்.

கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பத்து நிமிடம் தொடர்ந்து இப்படி இருந்தால் என்ற வகை விதி, சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் எண்ணியதை மறந்துவிடும். விளக்குக்கு இது பொருட்டல்ல. மோட்டார், கீசர், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றை நிறுத்தும் வேலையை இப்படிப்பட்ட விதியிடம் மட்டும் ஒருபோதும் ஒப்படைக்காதீர்கள். கருவிக்குள்ளேயே தானாக அணையும் நேரம் இருக்க வேண்டும்.

தண்ணீர் மோட்டார்

வீட்டில் எல்லோரும் உண்மையாகவே நன்றி சொல்லும் வேலை இது. தவறு நடந்தால் மோட்டார் எரியும் வேலையும் இதுதான்.

1 ஹெச்பி மோட்டார் ஓடும்போது சுமார் 6, 7 ஆம்பியர் எடுக்கும். தொடங்கும் நொடியில் அதைப்போல் நாலைந்து மடங்கு பாயும். 16 ஆம்பியர் ரிலே தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பது விளக்கு, ஹீட்டர் போன்ற சாதாரண லோடுக்கு. மோட்டாரை நேராக அதில் மாட்டினால் சில வாரத்தில் ரிலேவின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஆப்பில் அணைந்துவிட்டது என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் நடுவில் மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலேவான கான்டாக்டர் கட்டாயம். 1 ஹெச்பிக்கு ஏசி-3 என்ற மோட்டார் லோடு தரத்தில் 12 ஆம்பியர், 1.5 முதல் 2 ஹெச்பிக்கு 18 ஆம்பியர், 230 வோல்ட் காயில். ஸ்மார்ட் ரிலே அந்தக் காயிலை மட்டும் இயக்கும்.

தேவையானவை: எம்சிபி, மின்கசிவு கண்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கான்டாக்டர், ஆட்டோ–ஆஃப்–மேனுவல் என்று மூன்று நிலை செலக்டர் சுவிட்ச், ஸ்மார்ட் ரிலே, தொட்டிக்கு மிதவை சுவிட்ச், 12 வோல்ட் அடாப்டர், 12 வோல்ட் ரிலே ஒன்று, காயிலுக்குக் குறுக்கே போட 0.1 மைக்ரோ ஃபாரட் 100 ஓம் ஸ்நப்பர். ஸ்நப்பரை விட்டுவிட்டால் காயில் அணையும்போது எழும் மின்துள்ளல் ஸ்மார்ட் ரிலேவை உறைய வைக்கும்.

இணைப்பு இப்படி: ஃபேஸும் நியூட்ரலும் எம்சிபி, ஆர்சிசிபி வழியாகக் கான்டாக்டரின் பெரிய முனைகளுக்கு, அங்கிருந்து மோட்டாருக்கு. காயிலின் ஏ2 முனைக்கு நியூட்ரல். ஏ1 முனைக்கு வரும் ஃபேஸ் முதலில் 12 வோல்ட் ரிலேவின் முனைகள் வழியாக வந்து, பிறகு செலக்டருக்குப் போக வேண்டும். மேனுவலில் செலக்டர் நேராக ஏ1-க்கு, ஆட்டோவில் ஸ்மார்ட் ரிலே வழியாக ஏ1-க்கு.

அந்த 12 வோல்ட் ரிலேதான் காவல். தொட்டியில் இடம் இருக்கும்வரை மிதவை சுவிட்ச் மூடியிருந்து 12 வோல்ட் ரிலேவை இழுத்துப் பிடிக்கும்படி மாட்டுங்கள். தொட்டி நிரம்பினால் மிதவை திறக்கும், ரிலே விடும், மோட்டார் நிற்கும். மாடியிலிருந்து வரும் வயரை எலி கடித்தாலும் மோட்டார் நிற்கும். நேர்மாறாக மாட்டினால் வயர் அறுந்த அன்று தொட்டி வழியும். குடிக்கும் தண்ணீருக்குள் 230 வோல்ட் கேபிள் இறங்காது என்பது இன்னொரு நன்மை. கோவையில் செய்து கடைகளில் கிடைக்கும் தானியங்கி நீர்மட்டக் கட்டுப்பாட்டுப் பெட்டியை ஏற்கெனவே மாட்டியிருந்தால் அதைக் கழற்ற வேண்டாம். நிறுத்தும் வேலை அதற்கே இருக்கட்டும், ஸ்மார்ட் ரிலே அதன்மேல் கூடுதல்.

அடுத்து நேர எல்லை. 1000 லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 40 லிட்டர் ஏற்றும் மோட்டார் என்றால் 25 நிமிடத்தில் நிரம்பும். உங்கள் தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் என்று ஒருமுறை அளந்து, அதோடு பத்து நிமிடம் சேர்த்துக் கருவியிலேயே தானாக அணையும் நேரமாக வையுங்கள். ஷெல்லியில் ஆட்டோ ஆஃப் என்று இருக்கும். சில ரிலேக்களில் ஓடும் டாஸ்மோட்டா மென்பொருளில் பல்ஸ்டைம் என்ற கட்டளை. அதில் வேண்டிய நொடிகளோடு 100 சேர்த்துக் கொடுக்க வேண்டும். 35 நிமிடத்துக்கு 2100 நொடி, ஆகவே 2200. இந்த 100-ஐச் சேர்க்க மறந்தால் எண் தப்பாகும். அதோடு கரண்ட் வந்ததும் அணைந்தே இருக்க, பவர்ஆன்ஸ்டேட்டை 0 என்று வையுங்கள்.

சம்பில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் காய்ந்து ஓடுவதைக் கண்டுபிடிக்க, மின்சாரம் அளக்கும் ஒரு கருவியை லைனில் சேருங்கள். தண்ணீர் இழுக்கும்போது 1000 வாட் காட்டும் மோட்டார், காற்றை இழுக்கும்போது கணிசமாகக் குறைவாகக் காட்டும். வழக்கமான அளவை நாலைந்து நாள் குறித்துக்கொண்டு, அதில் 70 சதவீதத்துக்குக் கீழே அரை நிமிடம் இருந்தால் அணைத்துவிட்டு மொபைலுக்குச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். மோட்டார் ஓடத் தொடங்கிய முதல் ஒரு நிமிடத்தை இந்தக் கணக்கில் விட்டுவிடுங்கள், பைப்பில் காற்று வெளியேற நேரம் வேண்டும்.

போர்வெல் சப்மெர்சிபிள் மோட்டாரின் பேனலில் பச்சைப் பட்டனை சில நொடி அழுத்திப் பிடித்தால்தான் ஓடும் என்றால், அது ஸ்டார்ட் கெப்பாசிட்டரை நீங்கள் கையால் இணைக்கும் வகை. கான்டாக்டரை மட்டும் போட்டால் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், மோட்டாரின் காயில் எரியும். தானாகத் தொடங்கும் பேனலுக்கு முதலில் மாற்ற வேண்டும். த்ரீ ஃபேஸ் மோட்டார் என்றால் ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோட் ரிலேவையும் ஃபேஸ் பிரிவென்டரையும் அப்படியே விட்டு, மோட்டார் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாட்டுங்கள்.

தொட்டி எத்தனை சதவீதம் என்று காட்ட ஆசை வரும். ஜேஎஸ்என் வகை நீர்புகாத அல்ட்ராசோனிக் சென்சார் அதற்கு உண்டு. மூடியிலிருந்து 25 செ.மீ. வரை அதற்குக் கண் தெரியாது, காலையில் மூடிக்குள் வியர்க்கும் நீர்த்துளியால் எண் தாறுமாறாகக் குதிக்கும். பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்த அதை நம்ப வேண்டாம்.

வெளியூரிலிருந்து பார்க்க

ரவுட்டரில் 8123 என்ற போர்ட்டை வெளியே திறந்துவிடும் வேலை வேண்டாம். பல இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்து தருவதால் அது வேலையும் செய்யாது. வெளியிலிருந்து வீட்டுக்குள் பாதுகாப்பாகத் தனி வழி தரும் டெய்ல்ஸ்கேலை சர்வரிலும் மொபைலிலும் நிறுவினால் போதும். பணம் கட்டத் தயார் என்றால் ஹோம் அசிஸ்டென்டோடு சேர்ந்த நபு காசா நிறுவனத்தின் சந்தா இன்னும் எளிது, அந்தப் பணம் ஹோம் அசிஸ்டென்ட் வளரவும் உதவுகிறது.

பேக்கப்பும் ஒரு தாளும்

செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் பேக்கப்ஸ். தினம் ஒரு தானியங்கி பேக்கப், கூகுள் டிரைவுக்கோ வீட்டில் வேறொரு கணினிக்கோ போகும்படி வையுங்கள். அதே கார்டில் இருக்கும் பேக்கப் கார்டோடு சேர்ந்து போய்விடும். பேக்கப் ஒரு சாவியால் பூட்டப்படும். அந்தச் சாவியைத் தனியாகக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அது இல்லாமல் திறக்க முடியாது. மாதம் ஒருமுறை வரும் பெரிய பதிப்பை வந்த அன்றே ஏற்ற வேண்டாம். ஒரு வாரம் பொறுத்து, பேக்கப் எடுத்துவிட்டு ஏற்றுங்கள்.

கடைசியாக, மெயின் போர்டு கதவின் உள்பக்கம் ஒரு தாளைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். எந்தப் பெட்டிக்குள் ரிலே இருக்கிறது, எந்த எம்சிபியை இறக்கினால் அது அணையும், இன்வெர்ட்டர் லைன் எது, மோட்டாரை மேனுவலில் ஓட்ட செலக்டரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், சர்வரை எப்படி அணைத்துப் போடுவது என்று. நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வரும் எலக்ட்ரீஷியனுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்தத் தாள்தான் பேசும். ரிலே சேர்க்கும்போதெல்லாம் அன்றைக்கே அதிலும் ஒரு வரி சேருங்கள்.